மடுவத்துக் கணக்கில் தொடங்குவோம்: செய்நிரலுக்கு முன் படிமுறையும் பாய்ச்சற் கோட்டுப்படமும்

செய்நிரல், அதாவது புரோகிராம், எழுதப் பழகுகிறவர்களில் நிறையப் பேர் கணினியைத் திறந்த உடனே தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நாலு வரி ஓடும், ஐந்தாவது வரியில் நிற்கும், அப்புறம் எதை மாற்றுவது என்று தெரியாமல் கண்ட இடத்திலெல்லாம் கை வைத்து, கடைசியில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அந்த நாலு வரியும் ஓடாமல் போய்விடும். என்ன செய்யவேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு வேலை, தீர்மானித்ததைக் கணினி மொழியில் எழுதுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகத் தூக்கப் பார்ப்பதால்தான் இந்த அவதி. பிரித்துச் செய்யுங்கள். முதல் வேலைக்குக் கணினியே வேண்டாம், ஒரு சீ.ஆர். கொப்பியும் பென்சிலும் அழிறப்பரும் போதும்.

இலங்கை மலையகத்தில் இருக்கிற நமக்கு இது இன்னும் பொருந்தும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலைப் பக்கம் வீட்டில் கணினி இல்லாமல் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தைப் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். பாடசாலை ஆய்வுகூடத்தில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் யோசிக்கவும் வேண்டும், தட்டவும் வேண்டும் என்றால் இரண்டும் நடக்காது. யோசனையை வீட்டிலேயே தாளில் முடித்துக்கொண்டு போனால் ஆய்வுகூட நேரம் முழுவதும் தட்டுவதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் மிஞ்சும். பரீட்சைக்கும் இது வேண்டும்: சாதாரண தரப் பாடநூல் பாஸ்கல் என்ற கணினி மொழியை எடுத்துக்கொள்கிறது, உயர்தரப் பாடத்திட்டம் பைதன் என்ற மொழியை எடுத்துக்கொள்கிறது, ஆனால் படிமுறையும் கோட்டுப்படமும் இரண்டுக்கும் பொது.

படிமுறை, அதாவது அல்கோரிதம், என்பது ஒரு பிரச்சினையைத் தீர்க்கும் படிகளின் வரிசை. ஒவ்வொரு படியும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கவேண்டும், வரிசை எங்காவது முடியவேண்டும், முடிவில் ஒரு விடை கிடைக்கவேண்டும். அதையே படமாக வரைந்தால் பாய்ச்சற் கோட்டுப்படம். கணினி மொழிக்கும் நம் பேச்சுக்கும் நடுவில் வரிவரியாக எழுதினால் போலிக்குறிமுறை. வரையறை இவ்வளவு போதும், ஒரு கணக்கைச் செய்துகொண்டே மீதியைப் பார்க்கலாம்.

எல்லாருக்கும் தெரிந்த கணக்காக எடுப்போம்: தேயிலைக் கொழுந்தை மடுவத்தில், அதாவது தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், நிறுத்து, ஓர் ஆளுடைய அன்றைய சம்பளத்தைக் கணிப்பது.

முதற்படி, விதியைக் கேட்டு எழுதுங்கள். வீட்டில் அம்மாவிடமோ சித்தியிடமோ கேட்டால் “நோம் எடுத்தா பேர், எடுக்கலேன்னா அரைப்பேர், மேல எடுத்தா கிலோவுக்குக் காசு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள் (நோம் என்பது ஒரு நாளில் எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு, பேர் என்பது முழு நாட்கூலி, அரைப்பேர் அதில் பாதி). அவர்களுக்கு அது முழுமையான விதி, பல வருடப் பழக்கம் அதற்குள் இருக்கிறது. கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அதனால் நீங்கள் குடைந்து குடைந்து கேட்கவேண்டும். நோமுக்குச் சரியாக வந்தால் பேரா, அரைப்பேரா? ஒரு நாளில் எத்தனை தடவை நிறுப்பார்கள்? கூடைக்கும் தண்ணீருக்கும் கழிக்கிறார்களே, அது ஒவ்வொரு நிறுவைக்குமா, நாள் முழுவதற்கும் ஒரே தடவையா? மழை கொட்டி மாலை நிறுவை இல்லாமல் போனால்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் படம் வரையத் தொடங்கினால் நடுவில் நிற்கவேண்டி வரும். என்னைக் கேட்டால், முழு வேலையிலும் பெறுமதியான பகுதி இதுதான்.

விடைகள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இங்கே கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன், இவற்றை எந்தத் தோட்டத்துச் சம்பளமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்: நோம் 16 கிலோ, பேருக்கு 1,000 ரூபாய், மேலதிகக் கிலோ ஒன்றுக்கு 40 ரூபாய், ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு 1 கிலோ, நாளுக்கு 3 நிறுவை. நோமுக்குச் சரியாக வந்தாலும் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர்.

அடுத்து உள்ளீடு, வெளியீடு இரண்டையும் பிரித்து எழுதுங்கள். வெளியீடு ஒன்றுதான், சம்பளம். உள்ளீட்டில் மூன்று நிறையும் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நோம், நாட்கூலி, கிலோ விலை, கழிவு ஆகிய நான்கையும்கூட உள்ளீடாகவே வைத்துக்கொள்ளுங்கள். 16 என்ற எண்ணைப் படிமுறைக்குள் நேராக எழுதினால், நாளைக்கு நோம் 18 ஆனவுடன் எந்தெந்த வரியில் 16 இருக்கிறது என்று தேடவேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்கு உங்கள் செய்நிரல் உதவவும் உதவாது.

சரி, இப்போது படிகளை எழுதுவோம்.

1. தொடங்கு.
2. நோம், நாட்கூலி, கிலோவிலை, கழிவு ஆகியவற்றை வாங்கு.
3. மொத்தம் = 0, எண்ணி = 1.
4. எண்ணி 3ஐ விடப் பெரிதா? ஆம் என்றால் படி 8க்குப் போ.
5. நிறையை வாங்கு.
6. மொத்தம் = மொத்தம் + நிறை − கழிவு.
7. எண்ணி = எண்ணி + 1. படி 4க்குப் போ.
8. மொத்தம் நோமுக்குச் சமமா அல்லது கூடவா? ஆம் என்றால் சம்பளம் = நாட்கூலி + (மொத்தம் − நோம்) × கிலோவிலை. இல்லை என்றால் சம்பளம் = நாட்கூலி ÷ 2.
9. சம்பளத்தைக் காட்டு.
10. முடி.

புதிதாகப் படிக்கிறவர்கள் ஆறாவது படியில் தயங்குவார்கள். கணிதப் பாடத்தில் “மொத்தம் = மொத்தம் + 7” என்று எழுதினால் பிழை. இங்கே சமக்குறியை “இதில் போட்டு வை” என்று வாசியுங்கள். முதலில் வலது பக்கத்தைக் கணி, பழைய மொத்தத்தை எடுத்து 7ஐக் கூட்டு, வந்த விடையை அதே மொத்தம் என்ற மாறிக்குள் (எண்ணை வைத்திருக்கும் பெயரிட்ட பெட்டிக்குள்) வை, பழையது அழிந்துவிடும். பாஸ்கலில் இந்தக் குழப்பம் வராதபடி சமக்குறிக்கு முன்னால் முக்காற்புள்ளி போடுவார்கள். பைதனில் ஒற்றைச் சமக்குறி போட்டு வைப்பதற்கு, இரட்டைச் சமக்குறி சமமா என்று கேட்பதற்கு.

படி 4 முதல் 7 வரை ஒரு மீள்செயல், அதாவது திரும்பத் திரும்ப நடக்கும் பகுதி. எந்த மீள்செயலை எழுதினாலும் மூன்று விடயங்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்: எங்கே தொடங்குகிறது, எப்போது நிற்கும், நிற்கிற இடத்தை நோக்கி ஒவ்வொரு சுற்றிலும் எது நகர்கிறது. மூன்றாவதை மறப்பவர்கள்தான் அதிகம். ஏழாவது படியில் எண்ணியைக் கூட்டாமல் விட்டால் எண்ணி 1 ஆகவே இருக்கும், செய்நிரல் விடியவிடிய நிறை கேட்டுக்கொண்டே இருக்கும்.

இனிப் படம். கோட்டுப்படக் குறியீடுகளுக்கு 1985இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 5807 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. அதில் நிறைய உருவங்கள் உண்டு, தொடக்கத்துக்கு நான்கு போதும். தொடக்கமும் முடிவும் முனை வளைந்த நீள்வடிவம். உள்ளீடும் வெளியீடும் இணைகரம். கணிப்பு செவ்வகம். கேள்வி சாய்சதுரம். இவற்றை அம்புக்கோடுகளால் இணைக்கவேண்டும். படம் அடுத்த பக்கத்துக்குப் போனால் இரண்டு பக்கத்திலும் ஒரு சிறு வட்டம் போட்டு ஒரே எழுத்தை எழுதிவிடுங்கள்.

நம் கணக்கை மேலிருந்து கீழாக வரைந்து பாருங்கள். தொடக்கம், அதன் கீழே நான்கு உள்ளீடுகளுக்கு ஓர் இணைகரம், பிறகு மொத்தத்தையும் எண்ணியையும் தொடக்கி வைக்கும் செவ்வகம். அதற்கடுத்து “எண்ணி > 3?” என்ற சாய்சதுரம். இல்லை என்ற அம்பு கீழே இறங்கி, நிறை வாங்கும் இணைகரம், மொத்தத்தைக் கூட்டும் செவ்வகம், எண்ணியைக் கூட்டும் செவ்வகம் வழியாகப் போய், இடது பக்கமாக மேலே ஏறிச் சாய்சதுரத்தின் தலைக்குத் திரும்பவேண்டும். ஆம் என்ற அம்பு வலப்பக்கம் வெளியேறி இரண்டாவது சாய்சதுரத்துக்குப் போகும். அங்கே பிரிகிற இரண்டு கிளைகளும் சம்பளம் காட்டும் இணைகரத்துக்கு முன்னால் மீண்டும் ஒன்றுசேரும்.

திரும்பி ஏறுகிற அம்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதில் கவனமாக இருங்கள். அது சாய்சதுரத்துக்கு மேலே சேரவேண்டும். கைதவறி அதற்கும் முந்திய செவ்வகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் 0 ஆகும், எண்ணி 1 ஆகும், கணக்கு முடியவே முடியாது. படத்தில் ஓர் அங்குல வித்தியாசம்தான். வரைந்ததும் சாய்சதுரங்களை மட்டும் ஒருமுறை தனியாகப் பாருங்கள்: ஒவ்வொன்றுக்கும் வெளியேறும் அம்பு இரண்டு இருக்கிறதா, இரண்டிலும் ஆம், இல்லை எழுதியிருக்கிறதா, எந்தக் கிளையில் போனாலும் கடைசியில் முடிவுக்கு வரமுடிகிறதா. பரீட்சையில் புள்ளி போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படம் முடிந்ததும் கணினிக்கு ஓடவேண்டாம். கையாலேயே ஓட்டிப் பாருங்கள். அடிமட்டம் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள், மாறி ஒன்றுக்கு ஒரு செங்குத்து நிரல்: எண்ணி, நிறை, மொத்தம், சம்பளம். விரலைத் தொடக்கத்தில் வைத்து அம்பு போகிற வழியே நகர்த்துங்கள், ஒரு மாறி மாறும்போதெல்லாம் அட்டவணையில் புதிய பெறுமானத்தை எழுதுங்கள். “எப்படியும் இதுதான் வரும்” என்று மனதால் தாண்டிப் போகக்கூடாது, எழுதியிருப்பதை மட்டும் செய்யவேண்டும்.

காலை 8, பகல் 9, மாலை 6 என்று வைத்துக்கொள்வோம். முதற்சுற்றில் மொத்தம் 7, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 20. எண்ணி 4 ஆகிவிட்டதால் வெளியே வருகிறோம். 20 நோமைவிடக் கூட, ஆகவே 1,000 + 4 × 40, சம்பளம் 1,160 ரூபாய். சரியாக வருகிறது.

நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் இன்னொரு நாளைப் பாருங்கள்: காலை 9, பகல் 9, பகலுக்குப் பிறகு அடைமழை, மாலை நிறுவை இல்லை, அதனால் 0. முதற்சுற்றில் மொத்தம் 8. இரண்டாவதில் 16. மூன்றாவது சுற்றில் நிறை 0, கழிவு 1, ஆக மொத்தம் 15. நோம் 16. கேள்விக்கு விடை “இல்லை”, சம்பளம் 500 ரூபாய்!

அந்த மனுஷி மழை வருமுன்பே நோமை எடுத்து முடித்துவிட்டார். இல்லாத கூடைக்கு நம் படிமுறை ஒரு கிலோ கழித்து அவருடைய பாதிச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. கணினி இதைப் பிழை என்று சொல்லவே சொல்லாது, சிவப்பு எழுத்து எதுவும் வராது, 500 என்று அமைதியாகக் காட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். மொழியின் இலக்கணப் பிழையைக் கணினி பிடித்துத் தரும், யோசனையில் இருக்கிற பிழையை நாம்தான் பிடிக்கவேண்டும், அதற்கு இந்த அட்டவணையை விட நல்ல வழி புதியவர்களுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

திருத்தம் சின்னதுதான். நிறையை வாங்கியதும் “நிறை > 0?” என்று ஒரு சாய்சதுரம். ஆம் என்றால் மொத்தத்தில் கூட்டு, இல்லை என்றால் கூட்டாமல் நேராக எண்ணியைக் கூட்டப் போ. இப்போது அதே நாளை மறுபடி ஓட்டுங்கள்: 8, 16, 16. நோமுக்குச் சமம், முழுப்பேர், 1,000 ரூபாய். நோமைக் கேட்கிற சாய்சதுரத்தில் “சமமா அல்லது கூடவா” என்பதற்குப் பதிலாக “கூடவா” என்று மட்டும் எழுதியிருந்தால் இதே நாள் மறுபடியும் 500 ஆகியிருக்கும் என்பதையும் பாருங்கள். அதனால்தான் சோதனைக்கு எடுக்கிற எண்களில் எல்லையில் நிற்கிற எண் கட்டாயம் இருக்கவேண்டும்: நோமுக்கு ஒன்று குறைய, நோமுக்குச் சரி, நோமுக்கு ஒன்று கூட, அத்தோடு ஒரு 0.

ஓர் ஆளுக்குச் சரி என்று நம்பிக்கை வந்த பிறகு மடுவத்தில் இருக்கிற எல்லாருக்கும் விரிக்கலாம். அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, ஆகவே ஆளின் பதிவு எண்ணை வாங்குங்கள், 0 கொடுத்தால் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கணக்கையும் இந்த வெளிச்சுற்றுக்குள் போடவேண்டும். ஆனால் எல்லாம் உள்ளே போகாது: நோம், நாட்கூலி, கிலோவிலை, கழிவு எல்லாருக்கும் ஒன்றுதான், அவற்றை வெளிச்சுற்றுக்கு முன்னால் ஒரே தடவை வாங்கினால் போதும். “மொத்தம் = 0, எண்ணி = 1” என்ற செவ்வகம் கட்டாயம் உள்ளே இருக்கவேண்டும். மொத்தத்தை 0 ஆக்குவதை வெளியே வைத்தால் முதல் ஆளின் 20 கிலோவோடு இரண்டாவது ஆளின் கணக்குத் தொடங்கும், வரிசையில் பின்னால் நிற்கிறவருக்குச் சம்பளம் ஏறிக்கொண்டே போகும். கையால் ஓட்டும்போது இரண்டு ஆட்களையாவது ஓட்டுங்கள், ஒருவரோடு நிறுத்தினால் இந்தப் பிழை கண்ணில் படாது.

இதுவரை செய்ததில் மூன்றே மூன்று அமைப்புகள்தான் இருக்கின்றன: ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, கேட்டுப் பிரிவது, திரும்பச் செய்வது. எந்தப் படிமுறையையும் இந்த மூன்றாலேயே அமைக்கலாம் என்று போம், யாகொப்பினி என்ற இரு கணினி அறிஞர்கள் 1966இல் நிறுவிக் காட்டினார்கள். அம்புகள் நினைத்த இடத்துக்குத் தாவுகிற செய்நிரல்களைப் பின்தொடர்வது கடினம் என்று 1968இல் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் எழுதியதும் அதைத் தொடர்ந்த விவாதமும் இன்றைய மொழிகளின் வடிவத்தையே மாற்றின. உங்கள் படத்தில் ஓர் அம்பு மூன்று பெட்டிகளைத் தாண்டிக் குறுக்கே பாய்ந்தால் அதை அழித்துவிட்டு, இந்த மூன்றில் எதைச் சொல்ல வந்தோம் என்று மறுபடி யோசியுங்கள்.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். நெட்டாண்டு கண்டுபிடிப்பதை எடுங்கள், மற்ற ஆண்டுகளைவிட ஒரு நாள் கூடிய 366 நாள் ஆண்டு. 400ஆல் வகுபடுமா என்று முதலில் கேட்டு, இல்லை என்றால் 100ஆல், அதற்கும் இல்லை என்றால் 4ஆல் என்று இறங்கினால் 2000 நெட்டாண்டு, 1900 இல்லை, 2024 நெட்டாண்டு, 2100 இல்லை என்று சரியாக வரும். 4ஐ முதலில் கேட்டு, ஆம் என்றவுடன் முடித்துவிட்டால் 1900உம் உள்ளே வந்துவிடும்.

சரியான இரண்டு படிமுறைகளில் ஒன்று மற்றதைவிட மிக வேகமாக இருக்கவும் கூடும். பெயர்கள் அகரவரிசையில் உள்ள 1,000 பேர் கொண்ட பதிவேட்டில் ஒரு பெயரை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடினால் 1,000 தடவை பார்க்க நேரலாம். நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்த்து மற்றப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் அதிகம் போனால் 10 தடவை. இதைத் தீர்மானிக்க வேண்டிய இடமும் தாள்தான்.

படம் எல்லாவற்றுக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். ஒரு பக்கத்தில் அடங்குகிற வரைக்கும்தான் கோட்டுப்படத்தால் பயன். அதற்குமேல் போனால் படம் வரைவதே ஒரு வேலையாகிவிடும், ஒரு விதி மாறினால் பாதிப் படத்தை அழிக்கவேண்டும். பெரிய கணக்கைப் போலிக்குறிமுறையில் எழுதிவிட்டு, சிக்கலான ஒரு துண்டை மட்டும் படமாக வரையுங்கள். வரைவதற்குச் செயலி வேண்டும் என்றால் ட்ரோ டொட் ஐஓ, லிப்ரே ஒஃபிஸ் ட்ரோ இரண்டும் இலவசம். விண்டோஸ் கணினி கிடைத்தால் ஃப்ளோகோரிதம் என்ற இலவசச் செயலியில் வரைந்த படத்தையே ஓட்டிப் பார்க்கலாம். ஆனாலும் முதல் வரைவைப் பென்சிலால் போடுங்கள்.

இனிக் கணினிக்குப் போகலாம். படத்தில் உள்ள சாய்சதுரம் பிரிந்து கீழேயே போனால் அது இஃப் என்ற கட்டளை, கிளை ஒன்று மேலே திரும்பி வந்தால் அது வைல் என்ற மீள்செயல் கட்டளை. பைதனில் வைலுக்குப் பக்கத்தில் எழுதுவது தொடர்வதற்கான நிபந்தனை, அதனால் நம் “எண்ணி > 3?” அங்கே “எண்ணி 3 அல்லது அதற்குக் குறைவு” என்று தலைகீழாக வரும். பைதன் 3இல் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், நோம், கழிவு, மொத்தம் என்று எழுதினால் அப்படியே ஏற்கும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். நாம் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளை தருவது எழுத்துச் சரம் என்பதை மறக்கவேண்டாம், ஃப்ளோட் என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றாமல் 8ஐயும் 9ஐயும் கூட்டினால் 89 வரும். ஓட்டியதும் கொப்பியில் இருக்கிற அதே சோதனை எண்களைக் கொடுங்கள். அட்டவணையும் திரையும் வேறுவேறு விடை சொன்னால், எந்தச் சுற்றில் பிரிகின்றன என்று பார்க்க மொத்தத்தை ஒவ்வொரு சுற்றிலும் அச்சிடுங்கள்.

பழகுவதற்கு இரண்டு கணக்குகள் தருகிறேன். வீட்டு மின்பட்டியலை எடுத்து, அதில் உள்ள அலகுப் படிகளையும் ஒவ்வொரு படிக்குமான விலையையும் உள்ளீடாக வைத்து மாதக் கட்டணத்தைக் கணியுங்கள், ஒரு படியின் கடைசி அலகில் விடை சரியா என்று பார்க்க மறக்காதீர்கள். மற்றது மடுவத்துக் கணக்கின் தொடர்ச்சி: ஒரே ஆளின் ஒரு மாத நிறுவைகளை வாங்கி, எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், மேலதிகக் கிலோ மொத்தம் எவ்வளவு என்று காட்டவேண்டும். ஆள் வேலைக்கே வராத நாளை அரைப்பேராக எண்ணிவிடாமல் இருக்க எந்த இடத்தில் ஒரு சாய்சதுரம் வேண்டும் என்று முதலில் தாளில் கண்டுபிடியுங்கள், விடையை வீட்டில் கொழுந்து எடுக்கிறவரிடம் காட்டி, செக்ரோலில் (தோட்டத்து வரவு, சம்பளப் பதிவேட்டில்) பதிகிற முறையோடு ஒத்துவருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.